எழுபது நாட்களில் கைமாறிய எங்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டி

போன சனிக்கிழமை வண்டி கைமாறியது. பதினோரு ஆண்டுகள், 1,84,612 கிலோமீட்டர். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, மேனுவல் கியர், ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் உடற்கூட்டை ஏற்றிய அமைப்பு. சாதாரணமாகப் பின்சக்கரங்களில் ஓடும். தேவைப்படும்போது மட்டும் லீவரைத் தள்ளி முன்சக்கரங்களையும் இணைத்துக்கொள்ளலாம். ஒழுங்காகப் பராமரித்த வண்டிதான். அப்படியிருந்தும் விற்க எழுபது நாட்கள் ஆயின. முதலில் வந்த மூன்று பேரும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இருவர் போனதற்குக் காரணம், விற்பதற்காகவே நான் புதிதாகச் செய்த வேலைகள். மூன்றாமவர் போனதற்குக் காரணம் நான் செய்யத் தவறிய ஒரு வேலை. நினைவு மங்குவதற்குள் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

செலவைப் பணத்தில் எழுதினால் இடத்துக்கு இடம் பொருள் மாறிவிடும். ஆகவே இந்த வண்டியின் டேங்க்கை ஒருமுறை முழுதாக நிரப்ப ஆகும் டீசல் விலையையே அளவாக வைத்துக்கொள்கிறேன். மொத்தத்தில் ஏறக்குறைய நாலே முக்கால் டேங்க் செலவாயிற்று. அதில் முக்கால் டேங்க் முற்றிலும் வீண்.

முதல் வேலை காகிதங்கள். பதினோரு ஆண்டு ரசீதுகளும் ஒரு பெட்டியில் கலந்துகிடந்தன. என்ஜின், கியர்பாக்ஸ் முதல் டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) வரை, பிரேக், டயர், மின்சாரமும் ஏசியும் என ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கிலோமீட்டர் வரிசையில் அடுக்கினேன். இரண்டு மாலைகள் பிடித்தன. அடுக்கியபோதுதான் 96,000-க்கும் 1,18,000-க்கும் இடையில் ஆயில் மாற்றியதற்கு ரசீதே இல்லை என்பது தெரிந்தது. அந்தக் காலத்தில் நானே வீட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். கைபேசியில் பழைய படங்களைத் தேடினேன். வடித்த ஆயில், புது ஃபில்டர், ஓடோமீட்டர் எல்லாம் தேதியோடு இருந்தன. அச்செடுத்து, "இவை நானே செய்தவை" என்று மேலே எழுதிச் சேர்த்தேன். இடைவெளியைப் பூசி மெழுகாமல் அப்படியே காட்டியது பின்னால் மிகவும் உதவியது. சேசிஸ் எண்ணின் பதினேழு எழுத்துகளையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சட்டத்தில் பொறித்திருந்த இடத்தில் சேறு படிந்து படிக்க முடியாமல் இருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன்.

அடுத்தது உள்பக்கம். குடும்பத்தோடு ஓடிய வண்டி என்பதால் அழுக்கு மேலே இல்லை, அடியில் இருந்தது. மூன்றாவது வரிசை இருக்கைகளை ஸ்பேனர் போட்டுக் கழற்றி வெளியே எடுத்தேன். தரைவிரிப்பின் அடியிலிருந்து மட்டும் ஒரு சிறு வாளி மணல் வந்தது. குழந்தை இருக்கை ஆண்டுக்கணக்கில் அழுத்திய இடத்தில் இரண்டாவது வரிசையின் மெத்தை குழிந்திருந்தது. ஈரத்துணியை விரித்து, மேலாக நீராவி காட்டி, கையால் நீவிவிட்டதில் முக்கால்வாசி நிமிர்ந்தது. ஏசியின் பூஞ்சை வாடைக்குக் காரணம் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த கேபின் ஃபில்டர். அதை மாற்றியதும் வாடை போய்விட்டது. வாசனைத் திரவம் எதையும் தெளிக்கவில்லை. தெளித்திருந்தால் எதையோ மறைக்கிறான் என்றுதான் நானே நினைத்திருப்பேன். சுத்தம் செய்யும் இயந்திரத்தின் வாடகை அரை டேங்க்.

மஞ்சளடித்திருந்த முன்விளக்குகளுக்குக் கால் டேங்க்கும் அரை நாளும் ஆயின. சுற்றிலும் பெயிண்டின் மேல் டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே 1000, 2000, 3000 எண் உப்புத்தாள்களால் தேய்த்து, பிறகு பாலிஷ் போட்டேன். கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்று அவசியம். அது இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே மஞ்சள் திரும்பிவிடும். செய்த எல்லா வேலைகளிலும் சிறிய செலவில் பெரிய மாற்றம் தந்தது இதுதான்.

இதுவரை சரி. இங்கிருந்துதான் தவறுகள்.

என்ஜின் அறையையும் பளபளப்பாக்கலாம் என்று உயர் அழுத்தக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். மறுநாள் ஸ்டார்ட் செய்தால் என்ஜின் திணறியது; எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிப் பார்த்ததில் ஒன்றுக்குள் தண்ணீர் நின்றிருந்தது. உலர்த்தி, மின் இணைப்புகளுக்கான கிளீனர் அடித்து மாட்டியதும் திணறல் போயிற்று. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்று கையிலிருந்தது, அதைக்கொண்டு பிழைக் குறியீட்டை அழித்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு அடிப்பக்கம். சட்டத்தில் மேலோட்டமான துரு அங்கங்கே இருந்தது. எங்கும் தகடு தகடாக உரியவில்லை, ஓட்டை இல்லை. அப்படியே விட்டிருக்க வேண்டும். கருப்புப் பூச்சு வாங்கி, வண்டியைத் தூக்கி நிறுத்தி, இரண்டு நாள் மல்லாந்து படுத்துச் சட்டம் முழுவதும் அடித்தேன். முக்கால் டேங்க் செலவு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

விளம்பரம் கொடுத்த ஐந்தாம் நாள் முதல் ஆள் வந்தார். வெளியே சுற்றிப் பார்த்தார், திருப்தி. பாய் விரித்துப் படுத்து அடியில் பார்த்தார். விரலால் தொட்டார், விரலில் கருமை ஒட்டியது. எழுந்து நின்று, "புதிதாக அடித்திருக்கிறீர்களே, அடியில் என்ன இருந்தது?" என்று கேட்டார். மேல்துரு மட்டும்தான் என்றேன். "நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம், நான் பார்க்க முடியாதே" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அடிப்பதற்கு முன் ஒரு படம்கூட நான் எடுக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்திருந்தார். அவர் ஸ்கேனரை மாட்டினார். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. ஆனால் வண்டியின் கணினி, குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் எண்ணி வைத்திருக்கிறது. அதில் 38 கிலோமீட்டர் என்று இருந்தது. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகளில் சில இன்னும் முடியவில்லை என்றும் காட்டியது. விற்க வைத்திருக்கும் வண்டியில் 38 கிலோமீட்டருக்கு முன் எதையோ அழித்திருக்கிறார்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்? கனெக்டர் கதையைச் சொன்னேன். மெக்கானிக் கேட்டுக்கொண்டார், ஆனால் வாங்க வேண்டாம் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டார். அழிப்பதற்கு முன் அந்தத் திரையைப் படமெடுத்திருந்தால், அழித்தபின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால், அந்தச் சந்தேகத்துக்கே இடமிருந்திருக்காது.

மூன்றாமவர் வந்த நாள்தான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. மலைச் சரிவில் வீடு, மழைக்காலத்தில் மண்பாதை. ஃபோர் வீல் டிரைவுக்காகவே வந்தவர். சரளைப் பாதைக்குப் போய் லீவரைத் தள்ளினேன். மீட்டர் பலகையில் விளக்கு எரிந்து நிற்க வேண்டும். அது மினுக்கிக்கொண்டே இருந்தது. முன்சக்கரங்கள் இணையவில்லை. கடைசியாக அதை எப்போது போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறையாவது இணைத்துச் சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் முன் டிஃபரன்ஷியலின் உள்ளே ஆயில் சுற்றி வரும், அசையும் பாகங்கள் இறுகாமல் இருக்கும். அதைத் தெரிந்திருந்தும் விட்டிருக்கிறேன்.

விளம்பரத்தை எடுத்துவிட்டு மூன்று வாரம் வண்டிக்கு அடியில் கழித்தேன்.

இந்த வண்டியில் லீவர், சக்தியை முன்பக்கத்துக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸைத்தான் இணைக்கும். முன் ஆக்சிலின் (முன்சக்கரங்களின் அச்சு) ஒரு பக்கத்தைப் பூட்டும் வேலையை வெற்றிடத்தால் இயங்கும் ஒரு சிறு டயஃப்ரம் (சவ்வு) செய்கிறது. என்ஜினோடு இருக்கும் வேக்குவம் பம்ப்பிலிருந்து இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள் அங்கே போகின்றன. விளக்கு மினுக்கினால் முதல் பாதி நடந்து இரண்டாம் பாதி நடக்கவில்லை என்று பொருள். இது தெரியாமல் முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் ஸ்விட்ச்சைச் சந்தேகித்துக் கழற்றினேன். மல்டிமீட்டரில் பார்த்தால் அது நன்றாக இருந்தது. ஒரு பகல் போயிற்று.

பிறகு முறைப்படி சோதித்தேன். பின்சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், முன்பக்கம் இரண்டு ஸ்டாண்டுகள். என்ஜின் நியூட்ரலில் ஓட, லீவர் ஃபோர் வீலில். கால் பிரேக்கை மட்டும் யாரும் தொடக்கூடாது, மிதித்தால் முன்சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும். இந்த நிலையில் ஒரு முன்சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அது அசையாமல் நின்றது. ஆக்சில் பூட்டவில்லை என்பது உறுதி. அளவுமுள் உள்ள கை வேக்குவம் பம்ப் ஒன்று அரை டேங்க் விலைக்கு வாங்கினேன். டயஃப்ரத்தில் நேராக மாட்டி 0.5 பார் இழுத்துப் பிடித்தேன். முள் அப்படியே நின்றது. அடுத்து குழாய்களில் மாட்டினேன். ஒன்று தாங்கியது. இன்னொன்றில் கையை எடுத்த சில நொடிகளில் முள் சுழிக்கு வந்துவிட்டது. சைலன்ஸர் குழாயின் சூட்டுக்கு அருகே வளைந்து போகும் இடத்தில் முடியளவு வெடிப்பு. இரண்டு குழாய்களையும் மாற்றினேன். குழாயின் விலை கணக்கில் எழுதும் அளவுக்கே இல்லை. டயஃப்ரத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து விட்டபின் பூட்டும் தண்டும் தயக்கமில்லாமல் அசைந்தது. அன்று மாலை சரளைப் பாதையில் லீவரைத் தள்ளியதும் விளக்கு நிலையாக எரிந்து நின்றபோது, வண்டியை விட்டு இறங்கி அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடியில் படுத்தது படுத்தாகிவிட்டது, மற்றவற்றையும் பார்த்தேன். கியரில் போட்டுக் கிளட்ச்சை விடும்போது "டக்" என்று ஒரு சத்தம் சில மாதங்களாக இருந்தது. பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டான பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) ஒன்றில் ஆட்டம். கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட்டிலும் அது பொருந்தும் ஃபிளாஞ்சிலும் வெள்ளைப் பெயிண்ட்டால் கோடு போட்டேன். திரும்ப மாட்டும்போது அதே நிலையில் மாட்டாவிட்டால் அதிர்வு வரும். புது கிராஸை வைஸில் வைத்து அழுத்தும்போது அதன் முனையில் மாட்டும் கிண்ணத்துக்குள் ஒரு ஊசி உருளை சாய்ந்துவிட்டது. கிண்ணம் பாதியில் நின்றது. வலுக்கட்டாயமாக அழுத்தாமல் வெளியே எடுத்து, உருளைகளைக் கிரீஸில் ஒட்டவைத்துத் திரும்பப் போட்டேன். கிராஸுக்கும் கிரீஸுக்கும் அரை டேங்க்.

டிஃபரன்ஷியல் ஆயிலுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. முதலில் மேலே உள்ள நிரப்பும் பிளக்கைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். அது திறந்தபின்தான் கீழே உள்ள வடிகால் பிளக்கில் கை வைக்க வேண்டும். மாற்றிச் செய்து, மேலே உள்ளது இறுகிப்போயிருந்தால், ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியதுதான். பின்பக்கப் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு மட்டும் இருந்தது. அது இயல்பான தேய்மானம். துண்டுகள் இருந்தால்தான் கவலை. முன்பக்க ஆயில் மட்டும் லேசாகப் பால்போல வெளுத்திருந்தது, தண்ணீர் கலந்த அடையாளம். தேடியதில், ஆக்சிலுக்குள் காற்று போய்வர மேலே போகும் மூச்சுக்குழாய் கழன்று ஆக்சிலின் மேலேயே கிடந்தது. சூடான ஆக்சில் ஓடையில் இறங்கிக் குளிரும்போது அந்த வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. குழாயை மாட்டி, புது கிளிப் போட்டு, புது ஆயில் ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்து மீண்டும் மாற்றினேன். இரண்டாவது முறை தெளிவாக வந்தது. இரண்டு டிஃபரன்ஷியல்களுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் சேர்த்து முக்கால் டேங்க். வழக்கமான என்ஜின் ஆயிலும் ஃபில்டர்களும் ஒரு டேங்க்.

டயர்களில் பணம் போடவில்லை. பின்பக்கம் இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் வந்தது. அளந்து பார்த்ததும் அதைக் கைவிட்டேன். முன்பக்கம் 5 மில்லிமீட்டர், பின்பக்கம் 6. ஒரு மில்லிமீட்டர் வேறுபாடென்றால் சுற்றளவில் 6.3 மில்லிமீட்டர், இந்த அளவு டயரில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத இந்த அமைப்பில், ஃபோர் வீல் போட்டிருக்கும்போது அந்த வேறுபாடு முழுவதையும் டயர்கள் தரையில் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். பின்பக்கம் புது டயர் போட்டால் வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே நான்கின் ஆழத்தையும் தயாரிப்புக் குறியீட்டையும் எழுதி விளம்பரத்தில் சேர்த்தேன். குறியீட்டின் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3521 என்றால் 2021-ன் 35-ஆவது வாரம்.

கருப்புப் பூச்சை என்ன செய்வது? சட்டத்தில் துரு முதலில் பிடிக்கும் ஆறு இடங்களில், உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி இரும்பைத் திறந்து காட்டினேன். அதுவே போதுமானதாக இருந்தது. கூடவே, எனக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறையில் அரை டேங்க் கொடுத்து முழுச் சோதனை செய்து அறிக்கை வாங்கினேன்.

இரண்டாவது விளம்பரம் வேறு மாதிரி. முதலில் "மிக நல்ல நிலையில், குடும்ப உபயோகம்" என்று எழுதியபோது அழைத்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது கடைசி விலை என்ன என்பதை மட்டும்தான். இந்த முறை குறைகளை முதலில் எழுதினேன். இடது பின்கதவில் ஒரு நசுங்கல், அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடு. முன் ஆக்சிலில் தண்ணீர் புகுந்ததும் சரிசெய்ததும். வேக்குவம் குழாய். சுரண்டிய ஆறு இடங்களின் படங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும் காணொளி. அழைப்புகள் நான்கில் ஒன்றாகக் குறைந்தன, ஆனால் அழைத்தவர்கள் அனைவரும் படித்துவிட்டு அழைத்தார்கள்.

விலை வைத்ததிலும் முதலில் தவறினேன். கூரை ரேக், பக்கப் படிகள், கூடுதல் விளக்குகள் என்று நான் மாட்டியவற்றின் விலையையும் கூட்டியிருந்தேன். வாங்குபவருக்கு அவை வேண்டும் என்று யார் சொன்னது? ரேக்கையும் விளக்குகளையும் கழற்றித் தனியே விற்றேன். அதே வயதும் ஓட்டமும் உள்ள பதினான்கு வண்டிகளின் விளம்பரங்களை மூன்று வாரம் குறித்துவந்தேன். நகராமல் கிடந்தவற்றின் விலை எனக்குப் பாடமாகவில்லை, மறைந்துபோனவற்றின் விலைதான் வழிகாட்டியது. அதன்படி முதலில் கேட்டதிலிருந்து நூற்றுக்கு ஆறு குறைத்தேன்.

நான்காவதாக வந்த இளைஞர் ஆர்வத்தில் காய்ந்த தார்ச்சாலையிலேயே ஃபோர் வீல் போட்டு முழு வட்டம் திருப்பிவிட்டார். திருப்பத்தில் முன், பின் சக்கரங்களின் வேறுபாடு வழுக்கித் தீர வழியில்லாமல் வண்டி முறுக்கிக்கொண்டு, லீவர் திரும்ப வர மறுத்தது. சில மீட்டர் நேராகப் பின்னால் எடுத்ததும் விட்டுக்கொடுத்தது. சாவியைக் கொடுப்பதற்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பின் ஓட்டிப் பார்க்கும் பாதையை நானே வகுத்தேன்: குளிர்ந்த என்ஜினில் தொடக்கம், தார்ச்சாலை, மேடு, பிறகு சரளையில் ஃபோர் வீலும் லோ ரேஞ்ச்சும் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை). சூட்டில் மறையும் குறைகளும் தெரியட்டும் என்று முன்கூட்டியே என்ஜினைச் சூடாக்கி வைக்கவில்லை.

ஐந்தாவதாக ஒரு தம்பதி, இரண்டு பிள்ளைகள், அந்தப் பெண்ணின் தந்தை. பெரியவர் வந்ததும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. அந்தப் பெண் ரசீதுக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். 96,000-க்குப் பின் வந்த பக்கத்தில் நிறுத்தி, "இவை நீங்களே மாற்றியதா?" என்று கேட்டார். ஆமாம் என்று படங்களைக் காட்டினேன். பெரியவர் சுரண்டிய இடங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை முன்னமே பூசாமல் விட்டிருக்கலாம்" என்றார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். கேட்ட விலையில் நூற்றுக்கு இரண்டு குறைத்து முடித்தோம்.

அடுத்த முறை ஒரு வண்டியை விற்க நேர்ந்தால், கை வைப்பதற்கு முன் அடியும் உள்ளும் படமெடுப்பேன். என்ஜின் அறையைத் துணியால் மட்டும் துடைப்பேன். பட்டறையின் சோதனை அறிக்கையை முதல் வாரத்திலேயே வாங்குவேன், அது சொல்வதை மட்டும் சரிசெய்வேன். பூச்சு வாங்கவே மாட்டேன்.

கொடுக்கும் நாளில் வண்டியின் திரையில் சேமித்திருந்த வீட்டு முகவரியையும் எங்கள் கைபேசி இணைப்புகளையும் அழித்தேன். கைமாறிய நேரத்தையும் ஓடோமீட்டர் எண்ணையும் இரு பிரதிகளில் எழுதிக் கையெழுத்திட்டோம். ஸ்டெப்னியை அடியிலிருந்து இறக்கி ஏற்றிக் காட்டினேன், ஜாக்கி வைக்கும் இடங்களையும் காட்டினேன். வண்டி போன பிறகுதான், மூச்சுக்குழாயின் புது கிளிப்பை முதல் ஓடையைக் கடந்தபின் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லாதது நினைவுக்கு வந்தது. அழைத்தேன். அந்தப் பெண்தான் எடுத்தார். எந்தப் பக்கம், எத்தனை அங்குலம் உள்ளே என்று கேட்டு, கோப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.